மார்கழியில் புதுச்சேரியில் தனி ஆளாகத் தங்கினால் சாப்பாட்டுக்கு என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் பத்துப் பன்னிரண்டு நாள் புதுச்சேரியில் அடுப்போடு ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்குவேன். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கிற ஊருக்கு யாராவது விடுமுறைக்குப் போவார்களா என்று வீட்டில் சிரிப்பு. சிரித்தவர்களேதான் பிறகு தனியாக வந்து, "அங்க சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்கிறார்கள். பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தனியாகப் போய் ஓட்டலில் உட்கார்ந்தால் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்களா?

எந்தப் பக்க ஓட்டல் என்பதைப் பொறுத்தது. புதுச்சேரியை நடுவில் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலை ஒட்டி ஒயிட் டவுன், மேற்கே தமிழர் தெருக்கள். மேற்குப் பக்கத்தில், நேரு வீதி, காமராஜர் சாலை, அண்ணா சாலைப் பக்கம் மதியம் ஒரு மணிக்கு எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் பாதிப் பேர் ஒற்றை ஆள்தான். மருந்துக் கம்பெனிக்காரர், பேங்க்கில் வேலை பார்ப்பவர், ஏதோ சர்டிபிகேட் வாங்க வெளியூரிலிருந்து வந்தவர். "எத்தனை பேரும்மா?" என்று கேட்பார்கள். ஒருத்தர் என்றால், ஏற்கெனவே மூன்று பேர் இருக்கும் மேஜையில் நாலாவது நாற்காலியைக் காட்டுவார்கள். கூச்சப்பட வேண்டாம், உட்காருங்கள். எதிரில் இருப்பவருக்கு ரசத்தில் மட்டும்தான் கவனம்.

ஒயிட் டவுனில் ராத்திரி எட்டு மணிக்குப் போனால் கதை வேறு. அங்கே மேஜைகளே ஜோடி ஜோடியாகத்தான் போட்டிருக்கும். ஒரு வருடம் ஒரு முற்றத்து உணவகத்தில் உள்ளே ஐந்து மேஜை காலியாக இருந்தும், கை கழுவுகிற இடத்துக் கதவை ஒட்டி என்னை உட்கார வைத்தார்கள். நான் சூப்பு குடித்து முடிப்பதற்குள் அந்தக் கதவு இருபது தடவை திறந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கக் கடைகளுக்குக் காலைப் பலகாரத்துக்கோ மதியம் பன்னிரண்டு மணிக்கோதான் போகிறேன். அதே சமையல், அதே முற்றம். நல்ல இடமாகப் பார்த்து நாமே உட்காரலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை.

எந்த வேளையை வெளியே வைத்துக்கொள்வது, எதை அறையில் சமைப்பது?

இதற்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. மதியம் வெளியே, ராத்திரி அறையில். காலை அன்றைய மனசைப் பொறுத்தது.

ஒரு ஆளுக்காகச் சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், அப்பளம், மோர் என்று யாரும் சமைக்க முடியாது. சமைத்தாலும் மூன்று நாளைக்கு அதையே சாப்பிட வேண்டியிருக்கும். அதைக் கடைக்காரர் நூறு பேருக்குச் சேர்த்துச் செய்வதால்தான் நமக்குக் கட்டுப்படியாகிறது. ராத்திரிக்கு ஒரே ஒரு குழம்போ இரண்டு தோசையோ போதும், அதை நம் கையால் செய்துகொள்வதுதான் ருசி. பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மதியம் அறையில் நூடுல்ஸைக் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பசியோடு விலை அதிகமான பக்கம் போய் நிற்கிறார்கள். இரண்டு வேளையும் கெட்டுப்போகிறது.

இன்னொன்று. மதியச் சாப்பாட்டைப் பார்சல் வாங்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்சலில் கட்டுகிற சோறு பெரும்பாலும் இரண்டு பேருக்குத் தாங்கும். தனி ஆளுக்கு அது லாபம் மாதிரி தெரியும். ஏழெட்டுச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் சாம்பாரும் மோருமாக அறை மேஜையில் பரப்பி உட்கார்ந்து பாருங்கள், அப்போது புரியும்.

அறை பார்க்கும்போது சமையல் வசதியில் எதைக் கவனிக்க வேண்டும்?

"சமையலறை உண்டு" என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒருமுறை நான் போய்ப் பார்த்தபோது சமையலறை என்பது ஒரு கெட்டிலும் இரண்டு கோப்பையும்தான். அடுப்பு, பாத்திரம், தொட்டி மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான் வைத்திருப்பார்கள். அலுமினியக் குக்கரும் மண்சட்டியும் அதில் வேலை செய்யாது. கையில் ஒரு காந்தம் இருந்தால் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சமைக்கலாம்.

அடுத்து, மீன் சமைக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வீட்டுக்காரர்கள் சைவம் மட்டும்தான் என்பார்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் இஷ்டம். சங்கராவை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். தெருவைப் பொறுத்தவரை முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் பக்கம் எனக்குப் பிடிக்கும். கடலுக்கு நடந்துவிடலாம். காலையில் கோலம் போடுகிற தெரு, மாவுக்கடை, கீரைக்காரம்மா எல்லாம் பக்கத்திலேயே.

வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துப் போகிறீர்கள்?

அடி கனமான இரண்டு லிட்டர் எவர்சில்வர் குக்கர், ஒரு சின்னக் கத்தி, ஆழாக்கு. இதைச் சிரிக்காமல் படியுங்கள்: தனியாகச் சமைக்கிறவருக்கு ஆழாக்குதான் முக்கியமான கருவி. அரை ஆழாக்கு அரிசி ஒருத்தருக்கு ஒரு வேளை. கண்ணளவில் போட்டால் கை நாலு பேருக்குத்தான் அள்ளும், பழக்கம் அப்படி. பிறகு கைப்பிடி புளி, குழம்பு மிளகாய்த்தூள், ரசப்பொடி, நல்லெண்ணெய் ஒரு சின்னப் பாட்டில், நாலைந்து உருண்டை தாளிப்பு வடகம்.

வடகத்தைத் தெரியாதவர்களுக்காக: சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி, கோடை வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைப்பது. தாளிக்க வேறொன்றும் வேண்டாம். கடுகு டப்பா, வெந்தய டப்பா, வெங்காயப் பை என்று ஏழு சாமான் வாங்கி மிச்சம் வைப்பதற்குப் பதிலாக ஒரு உருண்டையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதன் ருசி பிடித்து 'வடூவான்' என்று அவர்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். புதுச்சேரிக் கடைகளிலும் கிடைக்கும். ஆனாலும் அம்மா கையால் உருட்டிய வாசனைக்கு அது வராது.

ஒரு ஆளுக்கு மீன் எப்படி வாங்குவது? கால் கிலோ கேட்டால் திட்டமாட்டார்களா?

வஞ்சிரம், வவ்வாலில் கால் கிலோ கேட்டால் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதனால் நான் பெரிய மீன் பக்கமே போவதில்லை. குபேர் அங்காடியில், ஊரில் பெரிய மார்க்கெட் என்பார்கள், சின்ன மீனைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். நெத்திலி, மத்தி, கையகலச் சங்கரா. ஒரு கூறு எனக்கு அதிகம். பக்கத்தில் நிற்கிற அம்மாவிடம் "பாதி பாதி எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்டுவிடுவேன். இந்த ஆறு வருடத்தில் ஒரே ஒருத்தர்தான் மாட்டேன் என்றார்.

செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பளபளவென்று முட்டிக்கொண்டு இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறையில் சமைக்கிறவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: மீனை அங்கேயே ஆய்ந்து வாங்கிவிடுங்கள். கொஞ்சம் காசு கொடுத்தால் செதில் எடுத்து, வயிற்றைக் கழுவித் துண்டு போட்டுத் தருவார்கள். வாடகை அறைத் தொட்டியில் செதில் அடைத்துக்கொண்டால் அந்த விடுமுறை அதோடு சரி.

மார்கழியில் ஒரு சௌகரியம் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளும், மாதம் முழுக்க அசைவம் தொடாத வீடுகளும் நிறைய. அதனால் வார நாளில் மீன்கடையில் நெரிசல் இருக்காது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதுவும் இப்போது குறுக்கே வராது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் படகு போகாது. அன்றைக்குக் கிடைப்பது பெட்டியில் கிடந்த ஐஸ் மீன். அன்று முட்டை வாங்குங்கள்.

சரி, அந்த மீனைக் குழம்பு வைப்பது?

ஒருத்தருக்கு இருநூறு கிராம் மீன். புளி எலுமிச்சை அளவு என்று எழுதியிருப்பதெல்லாம் குடும்பத்துக்கு. நமக்கு நெல்லிக்காய் அளவு. ஐந்து சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, ஒரு தக்காளி. ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் அரை உருண்டை வடகத்தை உதிர்த்துப் போட்டுச் சிவக்க விடுங்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் ஒன்றரை டீஸ்பூன் குழம்புத்தூள், புளித்தண்ணீர், உப்பு. எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்க வேண்டும். அதற்கு முன்னால் மீனைப் போடுகிறவர்கள்தான் "ஓட்டல் குழம்பு மாதிரி வரல" என்று புலம்புகிறவர்கள். மீனைப் போட்டபின் ஏழு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று ஆட்டுங்கள்.

பாதியை அன்றைக்கு ராத்திரி சோற்றோடு. மீதியை மறுநாள் காலை நீட்டு ரொட்டியோடு.

நீட்டு ரொட்டி என்றால் பாகெட்டா?

அதேதான். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், வேறொன்றும் கிடையாது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் தேதி கைமாறியது, ரொட்டி மட்டும் தங்கிவிட்டது. காலையில் வாங்கியது மொறுமொறுவென்று இருக்கும். மார்கழிக் கடல்காற்றில் சாயங்காலமே தோல் மாதிரி ஆகிவிடும். தூக்கிப் போடாதீர்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுட்டால் மறுபடி உயிர் வரும். பழைய மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வெண்ணெய், ஜாம் எல்லாம் போட்டோவுக்கு.

நான் சைவம். எனக்கு என்ன இருக்கிறது?

பனிக்காலத்தில் சைவக்காரர்களுக்குத்தான் யோகம். பச்சை மொச்சை வந்துவிடும், அவரைக்காய் பிஞ்சாகக் கிடைக்கும், சக்கரவள்ளிக் கிழங்கு, தை பிறந்தால் பனங்கிழங்கு. கெட்டிலும் குக்கரும் மட்டும் இருக்கிற அறையில் கிழங்குதான் ராஜா. அவித்தால் முடிந்தது வேலை. மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு வடகம் தாளித்த புளிக்குழம்பு, மேலே சொன்ன மீன் குழம்புக்கு ஒரு படி கீழே என்று நான் சொல்ல மாட்டேன்.

பருப்பு வேகவில்லை என்று சிலர் சொல்வார்கள். கடலோரத்தில் குழாய்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிற தெருக்கள் உண்டு. பருப்புக்கும் டீக்கும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். தனி ஆளுக்கு ஒரு கேன் ஒரு வாரம் வரும். பால், தயிருக்குத் தெருத்தெருவாகப் பாண்லே கடை இருக்கிறது. புதுச்சேரியின் கூட்டுறவுப் பால் அது. அரை லிட்டர் பாக்கெட் வாங்கிக் காலையில் காபி, மிச்சத்தை உறை ஊற்றிவிடுங்கள். பனி நாளில் உறைய நேரமாகும், இரண்டு பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு வையுங்கள்.

மார்கழி விடியலில் கோயில் பக்கம் நடந்தால் காலைப் பலகாரமும் அநேகமாகக் கிடைத்துவிடும். மிளகு முழுசாகக் கிடக்கிற சூடான வெண்பொங்கல், தொன்னையிலோ வாழையிலையிலோ. மார்கழி 27, கூடாரவல்லி அன்று பெருமாள் கோயில்களில் நெய் வழிகிற அக்காரவடிசல். மகாத்மா காந்தி சாலை வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் நின்றிருக்கிறேன். பக்தி எவ்வளவு, பசி எவ்வளவு என்று பெருமாள் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயம் சாப்பாடு கிடைக்குமா?

கிறிஸ்துமஸ் அருமையான சமயம். சம்பா கோயில் என்று ஊரில் சொல்கிற பெரிய மாதா கோயில் பக்கம் 24ஆம் தேதி ராத்திரி தெருவே விழித்திருக்கும். பேக்கரிகளில் ரம் சேர்த்த பிளம் கேக் வாசனை. முழுக் கேக் வாங்காதீர்கள், துண்டாகக் கேளுங்கள்.

டிசம்பர் 31 வேறு விஷயம். சென்னையும் பெங்களூருவும் கிளம்பி வந்து கடற்கரைச் சாலையில் நிற்கும். அன்று தனி ஆளுக்கு மேஜை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மதியமே முட்டை, ரொட்டி, தயிர் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள். சனி, ஞாயிறும் கிட்டத்தட்ட அப்படித்தான். முடிந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை வரும்படி நாளைப் போடுங்கள்.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போடுகிறார்களே?

கட்டாயமில்லை. ஓட்டல்கள் தாங்களாகவே அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுத்துவிடச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க விரும்பினால் கையில் கொடுங்கள்.

பெண் தனியாக ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாமா?

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை விடுவதில்லை. குடும்பம் குடும்பமாக நடப்பார்கள், ஒன்பது மணிக்குக்கூடச் சுண்டல் வாங்கிக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். காந்தி சிலை தொடங்கி ஆள் நடமாட்டம் இருக்கும். உள்தெருக்கள் சீக்கிரம் அடங்கிவிடும். சாராயக்கடை வாசல் இருக்கிற தெருவைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, ராத்திரி அதைத் தவிர்த்துச் சுற்றி வருவேன். ராத்திரி அறையில் சமைக்கிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்தான்.

மலிவு சரக்கு...?

எனக்குத் தெரியாது. எல்லை தாண்டிக் கடலூருக்கு எடுத்து வராதீர்கள், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். அது மட்டும் தெரியும்.

பாரடைஸ் பீச் தீவு மாதிரி இருக்கிறதாமே, அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?

ஒரு பக்கம் சுண்ணாம்பாறு, மறு பக்கம் கடல், நடுவில் மணல்திட்டு. கடலூர் சாலையில் நோணாங்குப்பம் படகுத்துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். அங்கே சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலை டிபனை முடித்துவிட்டுப் படகு ஏறி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். தனியாகப் போனால் தண்ணீரில் இறங்கும்போது பையை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அங்கே பெரிய பிரச்சினை, சாப்பாடு இல்லை.

மழை, புயல் வந்து மாட்டிக்கொண்டால்?

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை உண்டு. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களால் முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பப் பல நாள் ஆயிற்று. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

கரண்ட் போனால் இண்டக்‌ஷன் அடுப்பு வெறும் கண்ணாடிப் பலகை. அதனால் எப்போதும் என் பையில் அடுப்பு வேண்டாத சாப்பாடு இரண்டு நாளுக்கு இருக்கும். கெட்டி அவல் அரைக் கிலோ, வெல்லம், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், எலுமிச்சை ஊறுகாய். அவலைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு வேளை வெல்லம், ஒரு வேளை ஊறுகாய். மழை எச்சரிக்கை வந்த அன்றே கேன் தண்ணீரும் மெழுகுவத்தியும் வாங்கிவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு வந்தால் இந்தத் தலைவலி அநேகமாக இருக்காது.

பொங்கலுக்குப் பிறகு வந்தால் வேறென்ன விசேஷம்?

தை 5ஆம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. மணலில் கடை போட்டிருப்பார்கள், கரும்பும் சுருளிக் கிழங்கும் வாங்கித் தின்றுகொண்டே நடக்கலாம். தனியாக வந்தவர், கூட்டமாக வந்தவர் என்று அங்கே பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஒரு நாள் வடலூர் போய் வாருங்கள். வள்ளலார் 1867 மே மாதம் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் சாப்பாடு. சாதி, ஊர், காசு எதுவும் கேட்பதில்லை. வரிசையாகத் தரையில் உட்கார்ந்தால் இலையோ தட்டோ வரும், சோறும் குழம்பும் வரும். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவார்கள், கூட்டம் தாங்காது. சாப்பாட்டுக்காக என்றால் சாதாரண நாளில் போங்கள். நான் போன அன்று பக்கத்தில் இருந்த பெரியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கம்மா, போற வழியில பசிக்கும்" என்றார். வாங்கிக்கொண்டேன். புதுச்சேரி திரும்பும் பஸ்ஸில் பசிக்கத்தான் செய்தது.

அறையைக் காலி செய்யும்போது மிச்ச சாமானை என்ன செய்வது?

பிரித்த ரவை, கால் பாட்டில் எண்ணெய், இரண்டு முட்டை, நாலு தக்காளி. எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் கடைசி நாள் இவ்வளவு நிற்கும். கடைசிக் காலையில் தக்காளியும் ரவையும் உப்புமா. முட்டையை அவித்து பஸ்ஸுக்கு. எண்ணெயை வீடு பெருக்க வரும் அக்காவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கேட்காமல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வடகம் மிஞ்சினால் மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அதை யாருக்கும் தருவதில்லை.